சொம்பு யார் பிடிப்பது?

(தபால் கார்டு)

கல்லுக்கட்டிப்புதூர்
யுவ வருஷம் மாசி 4

நாமகிரிப்பேட்டையில் தன் அண்ணன் சின்னுசாமி வீட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் என் மனைவி சென்னியம்மாளுக்கு, சுப்பையன் எழுதுவது. நானும் மாடு கன்றுகளும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை.

உன் அண்ணன் மகளுக்குக் காது குத்தி, குத்தின காது ஆறியும் போயிருக்கும். போன சந்தைக்குள் வந்துவிடுகிறேன் என்று வண்டி ஏறியவள் இந்தச் சந்தையையும் தாண்டிவிட்டாய். எருமை என்னைக் கண்டால் பாலை அடக்கிக்கொள்கிறது. களி கிண்டினால் கட்டி கட்டியாக வருகிறது. கல்லாங்காட்டில் பருத்தி வெடித்துக் கிடக்கிறது, ஆள் விட்டு எடுக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. கல்லாங்காட்டு மேற்கு மூலையை ஊர்ப் பொதுக் கிணற்றுக்குக் கொடுப்பதாக நான் கூட்டத்தில் சொன்னேன் அல்லவா, அதைத் தாரை வார்க்க வருகிற வெள்ளிக்கிழமை நாள் குறித்துவிட்டார்கள். நீ சொம்பு பிடித்து என் கையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெண்டாட்டி ஊற்றாத தண்ணீர் தானத்துக்குச் செல்லாது என்பது நம் ஊர் வழக்கம், உனக்கே தெரியும். ஆகவே வியாழக்கிழமைக்குள் வந்து சேர். கார்டில் இடமில்லை.

சுப்பையன்

*

நாமகிரிப்பேட்டை
மாசி 8

மாமாவுக்கு, சென்னி எழுதிக்கொள்வது.

உங்கள் கார்டு வந்தது. எனக்கு வருவதற்கு முன்பே அது தபால்காரருக்கு வந்துவிட்டது. வாசலில் நின்று ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டு எருமை பால் தரமாட்டீங்குதாமா?" என்று விசாரித்த பிறகுதான் கையில் கொடுத்தார். அடுப்படியில் அண்ணன் பெண்டாட்டி சௌந்திரம் நங்கை சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. தயவு செய்து இனிமேல் உறையில் போட்டு ஒட்டி அனுப்புங்கள். இந்த உறையின் மேல் உங்கள் பெயரை என் கையால் எழுத முடியாது என்று அண்ணனிடம் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறேன். உள்ளே இருப்பதை அவர் பார்க்கவில்லை.

முதலில் எருமை. கறக்கும்போது என் பழைய சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். அந்த வாசனைக்குத்தான் அது பால் விடும். வெட்கமாக இருந்தால் கட்டுத்தறிப் படலைச் சாத்திக்கொள்ளுங்கள். களி கட்டி தட்டுவது மாவை மொத்தமாகக் கொட்டுவதால். தண்ணீர் கொதிக்கட்டும், மாவைத் தூவித் தூவி விடுங்கள், துடுப்பை நிறுத்தாதீர்கள். நீங்கள் நடுவில் வெற்றிலை தேடப் போயிருப்பீர்கள்.

இனி, உங்கள் நல்ல செய்தி.

"கூட்டத்தில் சொன்னேன் அல்லவா" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் சொன்னீர்கள்? என்னிடம் சொல்லவில்லை. நான் ஓடையில் ஊற்றுத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். பெருமாயி குடத்தைத் தேய்த்துக்கொண்டே, "உங்க காட்டுல கெணறு வருதாமா, ரொம்பச் சந்தோசம் அக்கா" என்றாள். எந்தக் காட்டில் என்று அவளிடமே கேட்டேன். என் காடு போகிற சேதியை வண்ணார வீட்டுப் பெருமாயி எனக்குச் சொல்கிறாள். அவள் சொன்ன பிறகு, முன்பே தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

மாமா, நான் கிணற்றுக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஊர்க் கிணறும் நம் தோட்டத்துக் கிணறும் உப்பாகிப் போய், அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாமல், ஒவ்வொருத்தியும் விடிவதற்கு முன்னால் ஓடை மணலைத் தோண்டிக்கொண்டு நிற்கிறோம். அந்தக் கூட்டத்தில் நானும்தான் நிற்கிறேன். ஆனால் அது கல்லாங்காடு. உங்கள் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது யாருக்கும் வேண்டாமென்று உங்கள் தலையில் கட்டின காடு. நீங்கள் கடப்பாரையால் நெம்பினீர்கள், நான் கூடையில் சுமந்தேன். சும்மாட்டுத் துணி வைத்த இடத்தில் எனக்கு இன்னும் முடி சரியாக வளரவில்லை. அந்த வரப்புச் சுவரில் நான் தொடாத கல் ஒன்று இருந்தால் காட்டுங்கள்.

அப்படிப்பட்ட காட்டைக் கொடுக்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் உங்கள் மீசை உதிர்ந்துவிடுமா? காட்டைக் கொடுக்க நான் வேண்டியதில்லை, சொம்பு பிடிக்க மட்டும் நான் வேண்டும் என்றால், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வரமாட்டேன்.

மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டதைத் திருப்பிப் போட்டீர்களா? வண்டிக்காளைக்குக் கழுத்தில் புண் இருந்ததே, வேப்பெண்ணெய் தடவுங்கள்.

சென்னி

*

கல்லுக்கட்டிப்புதூர்
மாசி 14

சென்னிக்கு,

உறையில் போட்டு, கோந்து போதாமல் சோற்றுப் பருக்கையும் வைத்து ஒட்டியிருக்கிறேன். இப்போது சந்தோஷம்தானே?

உன் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கறந்தேன். பால் விட்டது. படலைச் சாத்த மறந்துவிட்டேன். எதிர்வீட்டு ராசப்பன் பார்த்துவிட்டார். ஊர்ப் பெரியவர், அவர் வாயை அடைக்க முடியுமா? இரண்டு நாளாக நான் தெருவில் போனால் பின்னால் யாராவது எருமை மாதிரி கத்துகிறார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. உனக்குக் காய்ச்சல் என்று ஊரில் சொன்னேன். அடுத்த நாளே பெருமாயியின் கொழுந்தன் நாமகிரிப்பேட்டைச் சந்தையில் நீ வளையல் பேரம் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டதாக வந்து சொல்லிவிட்டான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் நடந்ததைக் கேள். நீரோட்டம் பார்க்கிறவர் மூன்று காடுகளைச் சுற்றிவிட்டு, நல்ல தண்ணீர் நம் மேற்கு மூலையில்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டார். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்க அவர்களுக்குக் கூச்சம். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் எழுந்து, "இருங்கள், வீட்டில் போய்ப் பெண்டாட்டியைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எப்படிச் சொல்வேன்? நீயே சொல். அன்று ராத்திரியே உன்னிடம் சொல்லலாமென்றுதான் வந்தேன். நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் அண்ணன் வண்டியில் ஏறிவிட்டாய்.

கிணறு வெட்டினால் இந்தக் கோடையில் வெட்ட வேண்டும். மழை இறங்கிவிட்டால் மண் சரியும். கிழக்கு வளவு அங்கமுத்து கடப்பாரைகளைத் தட்டிக் கூராக்கி வைத்துக்கொண்டு, "எப்பங்க சாமி?" என்று தினமும் கேட்கிறான். நான் என்ன பதில் சொல்வது?

வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இளம்பிள்ளைக்குப் போய் என் கூடப்பிறந்த ராமாயி அக்காவை வந்து சொம்பு பிடிக்கச் சொன்னேன். சேலைக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே திட்டினாள். "அவ கல்லுச் சொமந்த காட்டுக்கு நான் எதுக்குடா தண்ணி ஊத்தறது? போயி அவ காலைப் புடி" என்றாள். நீங்கள் இரண்டு பேரும் எப்போது கட்சி சேர்ந்தீர்கள்? பிறகு சிவன் கோயில் குருக்களைக் கேட்டேன். மனைவி ஊரில் இல்லாவிட்டால் ஒரு தர்ப்பைப் புல்லை முடிந்து பக்கத்தில் வைத்து, அவளே நிற்பதாக நினைத்துக்கொண்டு செய்யலாம், சாஸ்திரத்தில் இடமுண்டு என்றார். மாசி கடைசி வெள்ளிக்குள் நீ வராவிட்டால் அப்படித்தான் செய்யப் போகிறேன். பிறகு என்மேல் குறை சொல்லாதே.

மஞ்சளைத் திருப்பிப் போட்டேன். காளைக்குப் புண் ஆறிவிட்டது.

சுப்பையன்

*

நாமகிரிப்பேட்டை
மாசி 20

மாமாவுக்கு,

தர்ப்பைப் புல் கிடைத்ததில் எனக்கு மெத்தச் சந்தோஷம். நல்ல புல்லாகப் பார்த்து முடியுங்கள். அதையே நாளைக் காலையில் கவலை இறைக்கும் தடத்துக்கு அனுப்புங்கள், நீங்கள் மாட்டை ஓட்டும்போது மடை திருப்பி விடட்டும். பிறகு சாணி அள்ளட்டும், களி கிண்டட்டும், எருமைக்கு முன்னால் நிற்கட்டும். அதற்குப் பசிக்காது, உங்களோடு சண்டையும் போடாது. இத்தனை நாள் இந்த வழி தெரியாமல் ஒரு மனுஷியைக் கட்டிக்கொண்டு வந்து சோறு போட்டிருக்கிறீர்கள்.

நங்கை இந்த இடத்தில் இன்னும் காரமாக எழுதச் சொல்கிறாள். அண்ணன் உங்கள் பக்கம். "மாப்பிள்ளை நல்லதுதானே செய்யறாரு" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்கிறார். அவர் தட்டில் இப்போது குழம்பு குறைந்துவிட்டது.

சிரித்தது போதும். ஒன்றை நான் போன கடிதத்தில் எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

பெருமாயி கிணற்றுச் சேதியோடு நிற்கவில்லை. கூட்டத்தில் நீங்கள் சொன்ன வார்த்தையையும் சொன்னாள். அவள் நல்லது என்று நினைத்துத்தான் சொன்னாள். "எனக்கென்ன புள்ளையா குட்டியா, ஆருக்குச் சேத்து வெக்கப் போறேன், எடுத்துக்கங்க." இப்படித்தானே சொன்னீர்கள்?

தலையில் ஏற்றப்போன குடத்தை மணலில் வைத்துவிட்டேன்.

பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? போகாத கோயில் இல்லை, சுற்றாத மரம் இல்லை. இப்போது அதற்காக அழுவதும் இல்லை. காலையில் எழுந்தால் படுக்கும்வரை வேலை இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள், நன்றாகத்தான் இருக்கிறேன். எனக்கு வலித்தது வேறு. நாம் இரண்டு பேரும் இடுப்பு ஒடிய உழைத்து உண்டாக்கின காட்டை, வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் மிஞ்சிப்போன சோற்றைப் போல ஊருக்கு நீட்டிவிட்டீர்கள். நமக்கு நாலு பிள்ளைகள் இருந்திருந்தாலும் அந்த மூலையைக் கொடுத்திருப்போம் என்று நான் நினைக்கிறேன். கொடுக்கிற மனசு நமக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் உங்களோடு மண்வெட்டி பிடித்தேன். நீங்கள் என்னவென்றால், நமக்கு மனசு இருப்பதாகச் சொல்லவில்லை, பிள்ளை இல்லை என்று சொல்லிக் காட்டைக் கொடுத்தீர்கள்.

அந்தப் பேச்சு அந்தக் கூட்டத்திலேயே கிடக்கிறது. அதை எடுக்காமல் என்னால் அந்த இடத்தில் சொம்போடு வந்து நிற்க முடியாது.

பருத்தி எடுக்க ஆள் விடும்போது கிழக்கு வளவுப் பெண்களை முதலில் கூப்பிடுங்கள். அவர்களுக்குத்தான் இந்த மாதம் வேலை இல்லை.

சென்னி

*

கல்லுக்கட்டிப்புதூர்
மாசி 27

சென்னிக்கு,

உன்மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை பால் கறந்து உள்ளே வைத்தேன். பின்கட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். அங்கமுத்து பெண்டாட்டி கந்தம்மாள், கையில் ஒரு சின்னச் செம்பு. என்னைக் கண்டதும் திகைத்து, "ஆத்தா இன்னும் வரலீங்களா சாமி?" என்றாள். என்ன வேண்டுமென்றேன். "ஒண்ணுமில்லீங்க சாமி" என்று திரும்பினாள். வற்புறுத்திக் கேட்ட பிறகு, அவள் கைக்குழந்தைக்குத் தினமும் நம் வீட்டில் பால் ஊற்றுவது வழக்கம் என்று சொன்னாள். தினமும்! நீ போனதிலிருந்து பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ்தான் கொடுக்கிறாளாம். நான் ஊற்றினேன். ஊற்றிவிட்டு உள்ளே வந்தால் மறுபடி தட்டல். பெருமாயி, மோருக்கு. அவள் போனதும் கண் தெரியாத சென்றாயன் தடியைத் தட்டிக்கொண்டு வந்து நின்று, நான் வாய் திறப்பதற்குள், "சாமி, இன்னிக்குச் சந்தை நாளுங்களே" என்றார். சந்தை நாளில் நம் வீட்டில் அவருக்கு என்ன உண்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? அவரையே கேட்டேன். ஒரு உருண்டை களியும் கீரைக் குழம்பும் என்றார். நான் கிண்டின களியைக் கொடுத்தேன். கையால் தடவிப் பார்த்து, "ஆத்தா எப்பங்க சாமி வருவாங்க?" என்று கேட்டார்.

இப்படியே வெயில் ஏறும்வரை. குயவர் வீட்டு அம்மாளுக்கு விளக்கெண்ணெய், பிரசவித்த வீட்டுக்குப் பூண்டும் கருப்பட்டியும். பெருமாயிக்கு நான் ஊற்றிய மோரைப் பார்த்து, "அக்கா இதுவரைக்கும் ஊத்துவாங்க" என்று பாத்திரத்தில் விரலை வைத்து அளவு காட்டினாள். இப்போது எல்லாரும் நான் ஏமாந்தவன் என்று கண்டுகொண்டு நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கு மோர் கிடைத்து நாலு நாளாகிறது.

பருத்தி எடுப்பிலும் இதே கதை. கடைசி இரண்டு சால் வரிசையை எடுக்காமல் எல்லாரும் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், அது எடுக்கிறவர்களுக்கு விடுவதாம், "ஆத்தா வெச்ச வழக்கமுங்க சாமி". வருஷா வருஷம் என் காட்டில் இரண்டு சால் பருத்தி காணாமல் போகிறது, எனக்குத் தெரியாது.

ஒரு மூலையை உன்னைக் கேட்காமல் கொடுத்தேன் என்று கோபித்துக்கொண்டு போனாயே, நீ என்னைக் கேட்காமல் பாதி வீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய். இதற்கு நான் எந்த அண்ணன் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போவது? எனக்கு அண்ணன் வீடும் சரியில்லை.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. கந்தம்மாள் குழந்தை இரண்டு நாளாக என்னைக் கண்டால் கையை நீட்டுகிறது. பால் என்று என்னை நினைத்துக்கொண்டது.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அப்படிச் சொன்னபோது நான் பெருமையாகச் சொல்கிறேன் என்றே நினைத்தேன். உன் எழுத்தில் படித்தபோது வேறு யாரோ சொன்ன மாதிரி அசிங்கமாக இருந்தது. கவலை இறைக்கும்போது அதையே நினைத்துக்கொண்டு, தண்ணீர்ச் சால் மேலே வந்து நின்றதுகூடத் தெரியாமல் மாட்டை ஓட்டி, கயிற்றை அறுத்துவிட்டேன். இரண்டு நாள் தண்ணீர் பாயவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன். தர்ப்பை வேண்டாம் என்று குருக்களிடம் சொல்லிவிட்டேன்.

சுப்பையன்

*

நாமகிரிப்பேட்டை
பங்குனி 3

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நங்கைக்குப் படித்துக் காட்டினேன். சென்றாயன் களியைத் தடவிப் பார்த்த இடத்தில் அவள் முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். நானும் சிரித்தேன். இங்கே வந்ததிலிருந்து அப்படிச் சிரிக்கவில்லை.

உங்கள் வழக்கை ஒப்புக்கொள்கிறேன். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் வேண்டாமென்று சொல்லமாட்டீர்கள், ஆனால் சொன்ன மறுநாள் கூட்டத்தில் எழுந்து, "எங்கள் வீட்டில் தினமும் பால் கொடுக்கிறோம்" என்று முழங்கியிருப்பீர்கள். கந்தம்மாள் அதன் பிறகு வருவாளா? அதனால்தான் பின்கட்டுக் கதவு. உங்கள் கொடை முன்வாசல் வழியாகப் போகிறது, என்னுடையது பின்வாசல் வழியாக. வீடு நடுவில் நிற்கிறது, அதுவே பெரிய காரியம்.

சென்றாயனுக்குக் குழம்பில் உப்பைக் குறையுங்கள். பெருமாயிக்கு அவள் விரல் காட்டின அளவு பொய். அதற்கு ஒரு விரற்கடை கீழேதான் நான் ஊற்றுவது. ஆனாலும் இனி அவள் காட்டின அளவே ஊற்றுங்கள், கேட்டுவிட்டாளே.

அண்ணன் பங்குனி கடைசி வாரம் மஞ்சள் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு வண்டி போடுகிறார். நம் ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு என்னை இறக்கிவிடுவதாகச் சொல்கிறார். வருவதற்கு எனக்கும் ஆசைதான். எழுதுவதில் என்ன வெட்கம், உங்களைப் பார்க்காமல் எனக்குப் பொழுது போகவில்லை. இங்கே எல்லாரும் சொன்ன உடனே சரி என்று கேட்டுக்கொள்கிறார்கள், பேச்சே வளரவில்லை.

ஆனால் இரண்டு காரியம்.

ஒன்று. பொதுக் கிணறு என்றால் கிழக்கு வளவுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஊர்க் கிணற்றில் இதுவரை அவர்களைச் சேந்த விட்டதில்லை. அங்கமுத்து பாறையை உடைத்துத் தண்ணீர் காட்டுவான், கந்தம்மாள் மறுபடியும் ஓடை மணலுக்குப் போவாள் என்றால், அந்தக் கிணற்றுக்கு நான் கல் சுமந்த காடு வேண்டாம். கிணற்றுக்கு இரண்டு பக்கமும் ராட்டினம் போடுங்கள், ஊருக்கு ஒன்று, கிழக்கு வளவுக்கு ஒன்று.

இரண்டாவது, சொம்பு. நான் ஊற்றி நீங்கள் கை ஏந்த வேண்டாம். நீங்கள் ஊற்றுங்கள், நான் கை ஏந்துகிறேன். கொடுக்கிறவர் கைதானே கீழே தண்ணீர் விடுகிறது? அந்த மூலையைக் கொடுப்பது நான். நீங்கள் எனக்கு ஒத்தாசை.

ஊர் சிரிக்கும் என்று தெரியும். உங்களால் முடியாது என்றால் எழுதுங்கள், கோபிக்கமாட்டேன். வந்து வழக்கம்போல் ஊற்றிவிட்டு, வழக்கம்போல் வேலையைப் பார்க்கிறேன். ஆனால் முடியும் என்று நீங்கள் எழுதினால், சாகிறவரை அதை மறக்கமாட்டேன்.

அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு ஓட்டாதீர்கள். உருளையில் சிக்கி மாடு விழும். புதுக் கயிறு வாங்குங்கள்.

சென்னி

*

கல்லுக்கட்டிப்புதூர்
பங்குனி 11

சென்னிக்கு,

நேற்றுக் கூட்டம். நான்தான் கூட்டச் சொன்னேன். உன் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன், தைரியத்துக்கு.

முதலில் ராட்டினத்தைச் சொன்னேன். சொன்னதும் நாலைந்து பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ராசப்பன் மீசையைத் தடவிக்கொண்டு, இது பெரிய பேச்சு, பொறுத்துப் பேசலாம் என்றார். தாரை வார்க்கிறவரைக்கும் காடு எங்களுடையது, இரண்டு ராட்டினம் இல்லாவிட்டால் அதில் பருத்தியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அப்போது பின்னாலிருந்து பெருமாயி குரல் கொடுத்தாள். பெண்கள் எல்லாரும் காலிக் குடத்தோடு ஓடைக்குப் போகிற வழியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். "வேண்டாங்கறவிய நாளையிலிருந்து அவியவிய ஊட்டுத் தண்ணிய அவியவியளே மணலுல தோண்டி எடுத்துக்கட்டும்" என்றாள். எழுந்து போன நாலைந்து பேரில் மூன்று பேர் அவரவர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறார்கள். இருக்கட்டும், தாகம் எடுக்கும்போது வருவார்கள்.

பிறகு சொம்பு. அதற்குத்தான் சிரிப்பு. ஆண்பிள்ளை சொம்பு பிடித்து எங்கேயாவது பார்த்ததுண்டா என்று ராசப்பன் கேட்டார். எருமைக்குச் சேலை கட்டிக்கொண்டவன் எதையும் செய்வான் என்றும் சொன்னார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. குருக்கள் சாஸ்திரத்தில் அப்படி இல்லை என்றார். நான் அவரிடம் கேட்டேன். "ஏனுஞ் சாமி, ஒரு புல்லு எம்பட பொண்டாட்டியா நிக்கலாமுன்னு சொன்னீங்க. எம்பட பொண்டாட்டி நானா நிக்கக் கூடாதுங்களா?" கடைசியில் அவரே, சங்கல்பத்தில் இரண்டு பேர் பெயரையும் சொல்லிவிட்டால் தோஷமில்லை என்றார்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது, சென்னி. நான் என்ன சொன்னேன் என்று நாளைக்குப் பெருமாயி தன் பாட்டுக்குக் கை கால் வைத்துச் சொல்வாள், அதனால் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு இந்த எடத்துல நானொரு பேச்சுப் பேசுனனுங்க. புள்ளை இல்லாததுனால குடுக்கறன்னு சொன்னன். அது பொய்யிங்க. எனக்குப் பத்துப் புள்ளை இருந்து, பத்தும் கூடாதுன்னு மறிச்சாலும் அந்த மூலையக் குடுத்திருப்பனுங்க. மிச்சத்தை நாங்க குடுக்கலீங்க. அந்தக் காடு கல்லுக் கல்லா எங்க ஊட்டுக்காரி தலையில ஏறி எறங்குன காடு. அவ குடுக்கறா. நான் சொம்பு புடிக்கறன்."

யாரும் சிரிக்கவில்லை. ராசப்பன் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார். சென்றாயன் மட்டும், "அப்ப ஆத்தா வர்றாங்களா சாமி?" என்று கேட்டார்.

பங்குனிக் கடைசி வெள்ளிக்கு நாள் வைத்திருக்கிறார்கள். சொம்பைப் புளி போட்டு நானே தேய்த்து வைத்துவிட்டேன். ராமாயி அக்கா இளம்பிள்ளையிலிருந்து உனக்கு ஒரு பட்டுக் கரைச் சேலை கொடுத்தனுப்பியிருக்கிறாள், எனக்கு ஒரு துண்டுகூட இல்லை. புதுக் கயிறு வாங்கிவிட்டேன். வா.

சுப்பையன்

*

நாமகிரிப்பேட்டை
பங்குனி 15

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். அண்ணன் கேட்டார் என்று கொடுத்தேன், அவரும் படித்தார். படித்துவிட்டு எழுந்து போய் வண்டிக்கு அச்சாணி பார்த்துக்கொண்டிருந்தார். நங்கை அழுதாள். நான் அழவில்லை என்று எழுதினால் நம்பமாட்டீர்கள்.

வியாழக்கிழமை பொழுது சாய வந்து சேர்கிறேன். களி கிண்ட வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். சென்றாயனிடமும் சொல்லிவிடுங்கள், அவர் மனசு ஆறட்டும்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒரு சொல். உங்களுக்குச் சொம்பு பிடித்துப் பழக்கமில்லை, எதைச் செய்தாலும் அவசரம். மெதுவாக ஊற்றுங்கள். என் கையில் தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்கட்டும். இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்குக் கொடுத்தேன், எல்லாம் உங்கள் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதாகவே நினைத்துக்கொண்டு கொடுத்தேன். இப்போதுதான் எனக்கென்று ஒன்று இருந்து, அதை நானே கொடுக்கிறேன். தரையில் விடுவதற்கு முன்னால் அதை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னி